அவர் குரலில் நான் பேசிய படம்

நான் நடித்த ஒரே படத்தில் என் குரல் கிடையாது. முகம் என்னுடையது, வாயசைப்பதும் நான்தான். பேசுவது எங்கள் தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்த ஓர் ஆண். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே கொழுந்து உருட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் பத்து வருஷத்துக்கு மேல் நின்றவர் அவர். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியதாலோ என்னவோ, அவர் தொண்டையைத் திறந்தால், லயம் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளில் கடைசி வீடு வரை கேட்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். என் அண்ணன் அங்கே கணக்கப்பிள்ளை. மலையில் ஆள் பார்ப்பதும் கொழுந்து நிறுத்துக் குறிப்பதும் அவன் வேலை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். வருஷா வருஷம் கோயில் திருவிழா முடிந்த கையோடு கிளப்பில் நாடகம் நடக்கும். அண்ணன்தான் எழுதுவான். அந்த முறை அவன் எழுதியது ஒரு தொழிலாளியின் கதை. சாகக் கிடக்கும் தாயைப் பார்க்க அவன் இந்தியாவுக்குப் போகிறான். திரும்பி வரக் காகிதம் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்கிறான். மனைவி இங்கே கொழுந்து பறித்துக்கொண்டு காத்திருக்கிறாள். எங்களில் பெரும்பாலானவர்களிடம் அன்று எந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதமும் இல்லை. அதனால் கதையை யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

பெண்கள் மேடையேறுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மனைவி வேஷத்தை ஸ்டோரில் வேலை செய்த அந்த அண்ணன்தான் கட்டினார். ஸ்டோர் அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அவர் உடுத்தும் சேலை அவர் மனைவியினுடையது, ரவிக்கையையும் அவர் மனைவிதான் தைத்துக் கொடுப்பார். நான் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நாடகத்தை எழுதிய கொப்பி நோட்டோடு நின்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன். அவருக்கு மட்டும் ஒரு தடவைகூட எடுத்துக் கொடுத்ததில்லை. கடைசிக் காட்சியில் புருஷனின் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் புலம்புவார். கொப்பியில் ஒன்றரைப் பக்கம் இருந்த புலம்பல், மேடையில் கால் மணி நேரம் ஓடும். முன்வரிசையில் உட்கார்ந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். முடிந்ததும் பின்னாலிருந்து “இன்னொரு தடவ” என்று கேட்பார்கள். அவரும் இன்னொரு தடவை புலம்புவார்.

அட்டன் டவுனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு முஸ்லிம் மனிதர் நாடகக் குழுவைப் படமெடுக்க வந்திருந்தார். எல்லாரும் அவரை நானா என்போம். இங்கிலாந்துக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை தன்னுடைய சின்ன சினிமாக் கெமராவையும், படம் காட்டும் மெஷினையும் அவரிடம் விட்டுப் போயிருந்தார். கல்யாண வீடுகளில் அந்தக் கெமராவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எங்கள் நாடகத்தைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

“கணக்கப்புள்ள, இத ஒரு படமா எடுப்போமா?” என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து சோறுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை. மறு ஞாயிறே கொப்பியைத் தூக்கிக்கொண்டு அட்டனுக்குப் போனான். நானும் கூடப் போனேன். கொப்பியை நல்ல எழுத்தில் எழுதியவள் நான்தான் என்பதால், எங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

நானா கொப்பியைப் பொறுமையாகப் புரட்டினார். “மூணு மணி நேரம் இருக்கு. நமக்கு அர மணி நேரம்தான் முடியும். ஒரு சுருள் மூணு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். எத வைப்போம், எத எடுப்போம்ன்னு நீங்களே சொல்லுங்க.”

“எடுக்கவா? எல்லாம் ஒன்னோட ஒன்னு கட்டி எழுதுனது. இது என்ன கவ்வாத்து மலையா, கண்ட எடத்துல வெட்டுறதுக்கு?” என்றான் அண்ணன்.

நானா டீ வரவழைத்தார். அன்று சாயங்காலம் பஸ் ஏறுவதற்குள் கோமாளி போனான். கங்காணியின் இரண்டு பாட்டுகள் போயின. வருஷங்கள் கடந்து போவதைச் சொல்லும் பன்னிரண்டு வரிப் பாட்டை மட்டும் அண்ணன் விடவே இல்லை. அது போனால் அவள் எத்தனை காலம் காத்திருந்தாள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டான். புலம்பலும் பாட்டும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

முதலில் சோதனைக்காக ஒரு சுருள் எடுத்தோம். ஸ்டோர் அண்ணன் சேலை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, லயத்துக்கு முன்னால் பட்டப்பகலில் நின்று ஒரு பக்கம் பேசினார். சுருள் கொழும்புக்குப் போய்க் கழுவப்பட்டு வர மூன்று வாரம் ஆயிற்று. ஸ்டூடியோவின் பின்னறையில் சுவரில் வெள்ளை வேட்டியைக் குத்தி, நானா அதை ஓட்டிக் காட்டினார். நானும் அண்ணனும் ஸ்டோர் அண்ணனும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், இருபதடி தள்ளி இருந்து நாங்கள் பார்த்த அந்தப் பெண் அங்கே இல்லை. பவுடருக்கு அடியில் தாடியின் நிழல் தெரிந்தது. தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது. மேடையில் அழகாக இருந்த கையசைப்பு, ஏதோ ஆட்டை விரட்டுகிற மாதிரி இருந்தது. சுருளில் சத்தமும் கிடையாது. அந்தக் குரல் இல்லாமல் அவரைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மெஷின் நின்றதும் அவர்தான் முதலில் பேசினார். “இது ஒரு ஆம்பள சேல கட்டிக்கிட்டு நிக்கிறான். நான் இத்தன வருஷமா இப்பிடியா இருந்தேன்?”

“மேடையில அப்பிடி இல்லண்ணே,” என்றேன்.

“தெரியும் தங்கச்சி. ஆனா கெமராவுக்கு அது தெரியலையே.” அவர் எழுந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டார். “பொம்பளையா பாருங்க நானா. நான் குறுக்க நிக்கல.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் தலையைத் திருப்பாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தலவாக்கலையில் ஏறிய தெரிந்தவர் ஒருவர், “என்ன, படம் எப்ப?” என்று கேட்டார். “எடுக்கிறாங்க” என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் ஒரு மாதம் பெண் தேடினான். நுவரெலியாவில் பாட்டுப் பாடும் ஒரு பெண்ணின் வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. தோட்டத்தில் கேட்ட பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டார்கள். கடைசியில் நானாதான், “டீச்சருக்கு மொத்தக் கொப்பியும் பாடமாச்சே,” என்றார்.

அப்பா அதைக் கேட்டதும், “அவ புள்ளைங்களுக்குப் படிப்பு சொல்லிக் குடுக்கிறவ,” என்றார். அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என் மனதில் ஆசை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் தைரியம் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்டோர் அண்ணன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, “மாமா, நான் பத்து வருஷமா இவ சேலயக் கட்டிக்கிட்டு ஊருக்கு முன்னால அழுதிருக்கேன். யாராச்சும் என்னையப் பத்தித் தப்பாப் பேசியிருக்காங்களா?” என்று கேட்டார்.

“நீ ஆம்பள,” என்றார் அப்பா.

“அதுதான் படத்துல பிரச்சினையாப் போச்சு.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மனைவி அப்பாவைப் பார்த்து, “நாங்களும் கூடப் போறோம் மாமா. ஞாயித்துக்கெழம எனக்கும் வேல இல்ல,” என்றார். அப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அம்மா கூடப் போக வேண்டும், புருஷனாக நடிப்பவன் பத்தடிக்குள் வரக்கூடாது, இரண்டும் சரியென்றால் போகட்டும் என்றார். புருஷன் முதல் காட்சியிலேயே இந்தியாவுக்குப் போய்விடுகிறவன் என்பதால் அதில் சிக்கல் வரவில்லை.

எங்கள் தோட்டத்துத் துரையிடம் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் அனுமதி வாங்கினான். முதல் ஞாயிறு நான் கூடையை மாட்டிக்கொண்டு மலையில் நின்று, ஸ்டோர் அண்ணன் செய்வதைப் போலவே கையை விரித்து உரக்கப் பேசினேன். வேறு மாதிரி எனக்குத் தெரியாது. மனைவி என்றால் அவர் செய்ததுதான் மனைவி.

நானா கெமராவிலிருந்து தலையை எடுத்தார். “டீச்சர், இந்தப் பொட்டிக்குக் காது இல்ல. கிட்டத்துல நிக்குது வேற. கத்தாதீங்க.”

“பின்ன எப்பிடிப் பேசுறது?”

“பேசவே வேணாம். கொழுந்து எடுங்க.”

எனக்குக் கொழுந்து எடுக்கத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்னால் அம்மாவோடு போய் எடுத்திருக்கிறேன். எடுத்தேன். அண்ணன் கொப்பியைப் பிடித்தபடி மேலே ரோட்டில் நின்றான். அவன் எழுதிய ஒரு வரிகூட யார் வாயிலும் வராமல் அன்றைக்கு மூன்று சுருள் முடிந்தது. அவன் முகம் இருண்டு போயிருந்தது.

“இதுக்கு நாடகம் எதுக்கு? சும்மா கொழுந்துக்காரிங்களப் படம் புடிச்சிருக்கலாமே,” என்று இறங்கி வரும்போது அம்மாவிடம் சொன்னான்.

அதற்குப் பிறகு பனிமூட்டம் எங்களைப் படுத்தியது. வெயிலில் நான் ஒரு பக்கம் திரும்புவேன். கெமராவை நகர்த்தி வைப்பதற்குள் மூட்டம் இறங்கிப் பத்தடியில் இருக்கும் ஆள் தெரியாது. அது விலகக் காத்திருந்தால் மழை வரும். இரண்டு ஞாயிறு ஒரு சுருள்கூட ஓடாமல் திரும்பினோம். மூன்றாவது ஞாயிறு நல்ல வெயில். ஆனால் நாங்கள் பாதி எடுத்திருந்த மலைக்குப் போனபோது அங்கே செடியே இல்லை. அந்த வாரம் அதைக் கவ்வாத்து வெட்டிவிட்டார்கள். பச்சையாக இருந்த சரிவு முழுக்க இலையில்லாத கட்டைகளாக நின்றது. தினம் மலையில் நிற்கும் அண்ணனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவன் வேறு மலையில் ஆள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். தலையில் கைவைத்துக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்தான்.

“முன்னால எடுத்ததெல்லாம் வீண்,” என்றான். “போன வாரம் பச்ச, இந்த வாரம் கட்ட. யாரு நம்புவாங்க?”

நானா வெகுநேரம் அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை, கட்டைகளுக்கு நடுவே நடந்து வரச் சொன்னார். கூடை வேண்டாம், தலையில் கம்பளி மட்டும் போதும் என்றார். கட்டை காலில் குத்தாமல் பார்த்துப் பார்த்து நடந்தேன். ரோட்டை அடைந்து நின்றதும், “போதும்,” என்றார்.

சுருள்கள் கழுவி வந்தபோதுதான் அவர் என்ன செய்தார் என்று எங்களுக்குப் புரிந்தது. பச்சை மலையில் கொழுந்து எடுக்கும் நான், கணவன் போன பாதையை நிமிர்ந்து பார்க்கிறேன். உடனே அதே மலை மொட்டையாக நிற்கிறது, அதில் நான் நடந்து வருகிறேன். பார்க்கிற தோட்டத்துக்காரனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கவ்வாத்துக்கும் அடுத்த கவ்வாத்துக்கும் இடையில் மூன்று நாலு வருஷம் ஓடும் என்று அவனுக்குத் தெரியும்.

அண்ணன் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னான். பார்த்து முடித்ததும், “என் பன்னெண்டு வரிப் பாட்டு வேணாம் நானா,” என்றான். அதைச் சொல்ல அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். கொப்பியை என்னிடம் கொடுத்து, அவனே பென்சிலை எடுத்து அந்தப் பாட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டான்.

கடிதக் காட்சியைக் கடைசியில் எடுத்தோம். பேச வேண்டாம், கடிதத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள் என்று நானா சொல்லியிருந்தார். காற்று பலமாக இருந்தது, காகிதம் படபடத்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் எனக்குத் தெரியாமலே என் வாய் அந்தப் புலம்பலை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் நின்று எத்தனை வருஷம் அவருடைய வசனங்களைக் கூடவே சொல்லியிருப்பேன்! கெமரா ஓடி நிற்கும் வரை நானா தடுக்கவில்லை.

“இது நல்லாருக்கு,” என்றார். “ஆனா வாய் அசையுது. இனி இதுக்குக் குரல் போட்டே ஆகணும்.”

நானா யாரிடமோ ஒரு டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் வைத்து என் குரலைப் பதிந்தோம். திருப்பிப் போட்டுக் கேட்டபோது, டாப்பைப் பார்த்துப் பிள்ளைகளின் பேரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மூன்று தடவை முயன்றேன். மூன்றாவது இன்னும் மோசம். அம்மாகூட, “என்னாடி, மனசில்லாமப் பேசுற,” என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே ஆளின் நினைவுதான் வந்தது. ஆனால் முகம் சரிவரவில்லை என்று விலகிப் போனவரிடம் போய்க் குரலை மட்டும் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? நான்தான் போனேன். அவர் ஸ்டோரிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார், உடம்பெல்லாம் தேயிலைத் தூள். சொன்னதும் கையிலிருந்த தூளைத் தட்டினார்.

“என் குரலு ஒன் மூஞ்சிக்குப் பொருந்துமா?” என்று கேட்டார்.

“நான் பேசினதே ஒங்களப் பாத்துத்தானே அண்ணே.”

“சரி. எப்ப வரணும்?”

பதிவு நாளன்று மழை தகரக் கூரையில் கொட்டியது. பெண்கள் மலைக்குக் கொண்டு போகும் கம்பளிகளை வாங்கி வந்து, பள்ளிக்கூடத்தின் சுவரிலும் கூரைக்கு அடியிலும் கட்டினோம். ஈரக் கம்பளி வாடை மூக்கைத் துளைத்தது. மழை விட்டு விட்டுப் பெய்ததால், அது ஓயும் இடைவெளிகளில் பதிய வேண்டியிருந்தது. நானா கையால் சுற்றும் மெஷின் ஒன்றில் அந்தச் சுருளை மெதுவாக ஓட்ட, ஸ்டோர் அண்ணன் என் வாயைப் பார்த்துக்கொண்டே பேசிப் பழகினார்.

அவருக்கு அது லேசில் வரவில்லை. குரலை எடுத்ததும் அது மேடைக்குப் போய்விடும். படத்தில் நான் முணுமுணுக்கிறேன், அவர் குரல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. ஏழெட்டுத் தடவை ஆனதும் அவருக்கே சலிப்பு வந்துவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“நம்ம சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப, அவன் முழிச்சிருவான்னு நான் மெதுவாப் பேசுவேனே, அப்பிடிப் பேசிப் பாருங்க.”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணைப் படத்தில் வைத்துக்கொண்டு, அடித் தொண்டையில் மெல்லச் சொன்னார். ஒன்றரைப் பக்கத்தில் பன்னிரண்டு வரிதான் என் வாயசைப்புக்குள் அடங்கியது. அதைச் சொல்லி முடித்தபோது கம்பளிகளுக்கு மேல் மழை மறுபடி தொடங்கியிருந்தது. அந்தச் சத்தமும் கடைசி வரியில் கொஞ்சம் பதிந்துவிட்டது. நானா அதை அழிக்கவில்லை.

படம் கிளப்பில் காட்டப்பட்டது. படம் ஒரு மெஷினிலும் குரல் இன்னொரு மெஷினிலும் இருந்ததால், இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும் என்று நானா டேப் சக்கரத்தின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டே நின்றார். குரல் முந்தினால் விரலை அழுத்துவார். முதல் முக்கால்வாசியில் பேச்சு அதிகமில்லை. ஜனங்கள், “அது நம்ம மேட்டு லயம்”, “அந்தா நம்ம ஆறாம் நம்பர் மல” என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். கடிதக் காட்சியில் என் வாய் அசைந்து ஸ்டோர் அண்ணனின் குரல் வந்தவுடன் பக்கென்று ஒரு சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் யாரோ அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாலாவது வரிக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. மீதி எட்டு வரியும் மெஷின் ஓடும் சத்தத்தோடு தெளிவாகக் கேட்டது. இன்னொரு தடவை என்று யாரும் கேட்கவில்லை. விளக்கைப் போட்டதும் எல்லாரும் மெதுவாக எழுந்து போனார்கள். மேடைக்குக் கிடைத்த கைதட்டல் கிடைக்கவில்லை என்று அண்ணனுக்குப் பல நாள் குறை இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா, “எப்ப அழுத?” என்று கேட்டார்.

“அழுகலப்பா. காத்துல கண்ணு கலங்கிருச்சு.”

“ம்,” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “அழுத மாதிரிதான் இருந்துச்சு,” என்றார்.

பிறகு பக்கத்துத் தோட்டத்திலும் காட்டினோம். அங்கே அவர் குரல் யாருக்கும் பழக்கமில்லை. முடிந்ததும் ஒரு கொழுந்துக்காரப் பெண் வந்து என் முன்னால் நின்று, “அந்தக் கடுதாசி பேச்சு, இன்னொருக்கா சொல்லுங்களேன்,” என்றார். நான் பின்னால் நின்ற ஸ்டோர் அண்ணனைக் காட்டினேன். நம்பாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்டோர் அண்ணன் சாரத்தை இறக்கிவிட்டு, சேலையும் பவுடரும் இல்லாமல், அந்தப் பன்னிரண்டு வரியையும் அதே அடித் தொண்டையில் சொன்னார். அந்தப் பெண் கேட்டுவிட்டு, அவரைக் கும்பிட்டுப் போனார். ஸ்டோர் அண்ணன் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானா அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை. மழைக் காலத்தில் சுருள்களில் பூஞ்சணம் பிடித்து, பாதி முகங்கள் கரைந்து போயின. எங்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தம் வந்து சனங்கள் கப்பலேறத் தொடங்கிய பிறகு, அந்தக் கிளப்பில் நாடகம் பார்த்தவர்களே பலர் எங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தார்கள். அதற்கு முன்னால், படம் காட்டிய மறு வருஷமே, அண்ணன் புதிதாக ஒரு நாடகம் எழுதியிருந்தான். அதில் பேச்சு பாதியாகக் குறைந்திருந்தது. ஸ்டோர் அண்ணன் இனிமேல் சேலை கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கங்காணி வேஷத்தை எடுத்துக்கொண்டார். அப்பாவிடம் இந்த முறை நானே கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

நான் மேடையில் நின்று, கெமராவுக்கு முன்னால் பழகிய மாதிரி மெல்லப் பேசத் தொடங்கினேன். இரண்டாவது வசனத்திலேயே பின்வரிசையிலிருந்து, “டீச்சர், கேக்கல,” என்று குரல் வந்தது. கொஞ்சம் உயர்த்தினேன். “இன்னும் கேக்கல,” என்றார்கள். மூச்சை இழுத்து, தொண்டையைத் திறந்து, அதே வரியை மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.